சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளிடம் மருத்துவ மாதிரி எடுத்தல்

அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் நோய்க்குறி போன்ற நிலைகளோடு வாழும் குழந்தைகளிடமிருந்து இரத்தம், சிறுநீர், மலம், உமிழ்நீர் ஆகியவற்றை ஆய்வுக்காகப் பெறும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்குப் பரிசோதனைகள் அதிகம் தேவைப்படுகின்றன. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்கு ஆண்டுதோறும் தைராய்டு அளவு பார்க்க வேண்டும். வலிப்புக்கு வால்புரோயேட் உட்கொள்ளும் குழந்தைக்குக் கல்லீரல் செயல்பாட்டையும் இரத்தத் தட்டணுக்களையும் கவனிக்க வேண்டும். பயத்தைச் சொல்லத் தெரியாத, 'அசையாதே' என்றால் விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளையிடம் இதைச் செய்வது தனித்திறன். மருத்துவ நூல்கள் அதற்கு ஒதுக்கும் பக்கங்கள் குறைவு. ஆனால் குழந்தை மருத்துவத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று இத்தகைய மாதிரியிலிருந்தே பிறந்தது.

தொடக்க வரலாறு

1934ஆம் ஆண்டு நார்வேயின் ஆஸ்லோ நகரில், வளர்ச்சி குன்றிய இரு பிள்ளைகளின் தாய் ஒருவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரை நாடினார். பிள்ளைகளின் மேல் எப்போதும் ஒரு விசித்திர வாடை அடிப்பதை அவர் கவனித்திருந்தார். அதற்கு முன் பார்த்த மருத்துவர்கள் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வேதியியலும் கற்றிருந்த ஃபோலிங் சிறுநீரைக் கேட்டு வாங்கினார். கீட்டோன் உள்ளதா எனப் பார்க்க ஃபெரிக் குளோரைடு விட்டபோது, கருஞ்சிவப்பு தோன்ற வேண்டிய இடத்தில் அடர்பச்சை தோன்றியது. மருந்து ஏதேனும் காரணமாகலாம் என்று ஐயுற்று, எல்லா மருந்துகளையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். நிறம் மாறவில்லை. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க மேலும் மேலும் சிறுநீர் தேவைப்பட்டது. தாய் சேகரித்துச் சேகரித்துக் கொண்டுவந்தார். தாமாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகளிடமிருந்து அவ்வளவு சிறுநீரைப் பிடித்துச் சேர்த்த உழைப்பு அத்தாயினுடையது. இக்கண்டுபிடிப்பில் அவருக்கு உள்ள பங்கு வேதியியலாளரின் பங்குக்குக் குறைந்ததன்று.

பொருள் பினைல்பைருவிக் அமிலம் என்று தெரிந்தது. ஃபோலிங் காப்பகங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்து, மேலும் 8 பேரிடம் அதே அமிலத்தைக் கண்டார். புரதத்திலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் மாற்ற இயலாமல் போவதால் வரும் இந்நோய் பின்னர் பினைல்கீட்டோன்யூரியா என்று பெயர் பெற்றது. பினைல்அலனின் குறைந்த உணவால் பயன் உண்டு என்பதை ஹார்ஸ்ட் பிக்கலும் உடன் பணியாற்றியோரும் 1953இல் பர்மிங்காமிலிருந்து வெளியிட்டனர். மூளை பாதிக்கப்படுமுன் உணவை மாற்ற வேண்டும் என்பதால், மாதிரி எடுக்கும் நாள் முக்கியமாயிற்று.

1957இல் அமெரிக்க மருத்துவர் வில்லர்ட் சென்டர்வால் எளிய வழி ஒன்றைப் பரப்பினார். குழந்தை நனைத்த இடுப்புத் துணியிலேயே ஒரு துளி ஃபெரிக் குளோரைடு விட்டால் போதும், பச்சைப் பொட்டு தோன்றும். கிண்ணமும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். ஆனால் பிறந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே அமிலம் சிறுநீரில் தெளிவாகத் தெரியும் என்பதால் இம்முறை பல குழந்தைகளுக்குக் காலங்கடந்ததாகவே முடிந்தது.

அக்குறையைத் தீர்த்தவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பணியாற்றிய ராபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. நெருங்கிய உறவில் ஒரு பெண் குழந்தைக்கு 1958இல், 15 மாத வயதில், பினைல்கீட்டோன்யூரியா இருப்பது தெரியவந்தது. அதற்குள் பாதிப்பு நிகழ்ந்துவிட்டது. பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைத் தடைப்பொருள் கலந்த ஊடகத்தில் வளர்த்து, இரத்தத்தில் பினைல்அலனின் மிகுந்தால் மட்டும் அது செழிக்கும்படி கத்ரி அமைத்தார். அதைவிடப் பெரிய அருஞ்செயல், மாதிரியையே சுருக்கியது: பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, கனத்த வடிதாளில் சில சொட்டு இரத்தத்தை ஊறவிட்டு, உலர்த்தி அஞ்சலில் அனுப்பலாம். 29 மாநிலங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த சோதனையில் 39 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது.

குதிகாலில் குத்தும் இடத்துக்கு விதி உண்டு. எலும்புக்கு நெருக்கமான நடுப்பகுதியை விட்டு, உள்ளங்காலின் பக்கவாட்டு ஓரங்களில்தான் குத்த வேண்டும். முன்னதாகக் காலை வெதுவெதுப்பாக்கி, முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். ஆறு மாதம் தாண்டிய, 10 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு விரல்நுனியே ஏற்றது.

காப்பகங்களில் எடுக்கப்பட்ட மாதிரிகள்

இத்துறைக்கு இருண்ட பக்கமும் உண்டு. மாசசூசெட்ஸின் ஃபெர்னால்ட் பள்ளியில் 1940களிலும் 50களிலும், அறிவுக்குறை உடையோர் எனப் பட்டியலிடப்பட்ட சிறுவர்களுக்கு கதிரியக்க இரும்பும் கால்சியமும் காலை உணவில் கொடுத்து, அவர்களின் இரத்தமும் சிறுநீரும் மலமும் சேகரிக்கப்பட்டன. நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தில் 1956 முதல் சால் க்ரூக்மன் குழுவினர் குழந்தைகளுக்கு மஞ்சட்காமாலைக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து மாதிரிகள் எடுத்தனர். அங்கே இருந்தால் எப்படியும் தொற்றியிருக்கும் என்பது அவர்கள் வாதம். காப்பகத்தைத் தூய்மைப்படுத்துவதே செய்ய வேண்டிய பணியாக இருந்ததால் அவ்வாதம் நிற்காது. 1974இல் அமெரிக்கா இயற்றிய தேசிய ஆராய்ச்சிச் சட்டத்துக்கு வில்லோபுரூக் போன்ற செய்திகளும் காரணமாயின.

எடுக்கும் முறை

அழுது திமிறும் குழந்தையிடம் எடுத்த இரத்தம் பல நேரம் பொய் சொல்லும். இறுகக் கட்டிய ரப்பர் பட்டையும் தசைப் போராட்டமும் லாக்டேட்டையும் அம்மோனியாவையும் கூட்டிக் காட்டும். சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியமும் உயரும். வளர்சிதை மாற்ற நோயைத் தேடும்போது இந்தப் பிழை தவறான நோயறிதலில் கொண்டுபோய் விடும். ஆகவே நான்கு பேர் அமுக்கிப் பிடிக்கும் பழக்கம் ஆய்வின் தரப்படியும் தவறு. லிக்னோகெய்ன், பிரைலோகெய்ன் கலந்த களிம்பை ஊசி போடும் இடத்தில் ஒரு மணிநேரம் முன்பே தடவி மூடி வைத்தால் தோல் மரத்துவிடும். பிள்ளை தாயின் மடியில் நெஞ்சோடு சாய்ந்து உட்காரலாம்.

நிலைக்கேற்ற எச்சரிக்கைகள் சில உண்டு. டவுன் நோய்க்குறியில் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்திருக்கக்கூடும், தலையை வலிந்து திருப்பலாகாது. முதுகுத்தண்டுப் பிளவு உள்ளவர்களில் பலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை இருப்பதால் அவ்வகைக் கையுறையும் பட்டையும் கூடாது. பெருமூளை வாதத்தில் விறைத்த கையை இழுத்து நீட்டாமல், தளர்ந்திருக்கும் கையைத் தேட வேண்டும். ஆட்டிசக் குழந்தைக்கு ஊசியைக் காட்டிலும் ஸ்பிரிட்டின் வாடையோ பட்டையின் அழுத்தமோ தாங்க முடியாததாகலாம். என்னென்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசைப்படுத்தி வீட்டிலேயே சில நாள் காட்டிப் பழக்குவது பயன் தருகிறது. வலியை முகத்தில் காட்டாத பிள்ளைகளும் உள்ளனர். வலி மதிப்பீட்டுக்குப் பயன்படும் ஃபிளாக் அளவுகோலின் திருத்திய வடிவத்தில், 'இவன் வலித்தால் காதைப் பொத்துவான்' என்பது போன்ற குறிப்பைப் பெற்றோரே எழுதிச் சேர்க்க இடம் உண்டு.

சிறுநீருக்கு ஒட்டுப்பை பயன்படுகிறது. ஆனால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அது நம்பத்தக்கதன்று, தோலின் கிருமிகள் எளிதில் கலந்துவிடும். மரபணுச் சோதனை பலவற்றுக்குக் கன்னத்தின் உட்புறத்தை வருடி எடுத்த பஞ்சுக்குச்சியோ உமிழ்நீரோ போதும். ஊசியைத் தவிர்க்க முடியுமா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

இன்றைய நிலை

இன்று ஒரே உலர்ந்த இரத்தச் சொட்டிலிருந்து நிறை நிறமாலைக் கருவி பல நோய்களைக் கண்டறிகிறது. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன.