சாரம்: சப்பிரகமுவத் தோட்டத் தமிழில் ஒரு மலாய்ச் சொல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழர், ஆடவர் இடையில் உடுக்கும் தைத்த வண்ண ஆடையைச் ‘சாரம்’ என்பர். அயற்கிராமத்துச் சிங்களவர் அதனைச் ‘சரம’ என்பர். பிழிவு, உட்பொருள் எனப் பொருள்படும் வடசொல் ‘சாரம்’ வேறு. கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் வேறு. ஆடையைக் குறிக்கும் இச்சொல் ‘சாருங்’ என்னும் மலாய்ச் சொல்லின் வழிவந்தது. அது நடந்து வந்த வழியையும், தோட்ட மக்களின் வரலாற்றுக்கு அது தரும் சான்றினையும் ஈண்டு நோக்குவோம்.

மலாய் மொழியில் ‘சாருங்’ என்பதன் அடிப்படைப் பொருள் உறை என்பதாகும். குறுவாளின் உறை ‘சாருங் கெரிஸ்’. தலையணை உறை ‘சாருங் பந்தால்’. கையுறை ‘சாருங் தாங்ஙான்’. மணம் பேசி மோதிரம் அணிவிப்பதையும் இச்சொல்லடியாகப் பிறந்த வினையாலேயே மலாயர் சுட்டுவர். இரு முனைகளையும் இணைத்துத் தைத்த துணி உடலுக்கு உறைபோல் அமைதலின் ‘காயின் சாருங்’, அதாவது உறைத்துணி, எனப் பெயர் பெற்றது. நாளடைவில் ‘சாருங்’ என்ற அளவிலேயே ஆடையைக் குறிக்கலாயிற்று.

தென்கிழக்காசியத் துறைமுகங்களில் மலாய் வாணிகப் பொதுமொழியாக விளங்கியமையால் இச்சொல்லும் பரவியது. யாவக மொழியில் இது வழங்குகிறது. தாய், கெமர் மொழிகளும் இதனை ஏற்றன. எனினும் எங்கும் இதுவே நிலைபெற்றது எனக் கூறுதல் பொருந்தாது. பர்மியர் ‘லோஞ்சி’ என்பர். செலிபிசுத் தீவின் பூகிசு மக்கள் ‘லிப்பா’ என்பர். மிண்டனாவோவில் ‘மலோங்’ என்பதே வழக்கு. தாய் மொழியில் பெண்டிர் உடுக்கும் அத்தகைய ஆடைக்குப் ‘பைத்துணி’ எனப் பொருள்படும் பெயர் உண்டு. சொல் வேறாயினும் உறை, பை என்னும் கருத்து ஒன்றாயிருத்தல் கருதத்தக்கது.

1886 இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, பன்னிறம் எனப் பொருள்படும் ‘சாரங்க’ என்னும் வடசொல்லே மலாய்ச் சொல்லுக்கு மூலம் எனக் கருதியது. உறை என்னும் பொருள் மலாயில் இத்துணை விரிந்து வழங்குதலை நோக்க, அம்முடிபு எமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் அவ்வகராதி தரும் வேறிரு செய்திகள் பயனுடையன. இவ்வாடையும் பெயரும் அன்றே இலங்கையில் வழங்கின என்பது ஒன்று. சோழமண்டலக் கரை இலப்பைகள் வண்ணச் சாரத்தை மலாயரிடமிருந்து பெற்றனர் என்பது மற்றொன்று.

ஆடையின் பெயர் கிழக்கிலிருந்து வந்ததாயினும் துணி இங்கிருந்தே அங்குச் சென்றது. மலாயர் கட்டமிட்ட பருத்திச் சாரத்தைக் ‘காயின் பெலேக்காட்’ என்பர். ‘பெலேக்காட்’ என்பது பழவேற்காட்டின் திரிபு. அப்பட்டினம் 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் சோழமண்டல வாணிகத்துக்குத் தலைமைத்தளமாயிருந்தது. அக்கரைத் துணியைக் கொடுத்தே அவர்கள் கீழைத் தீவுகளின் வாசனைப் பொருள்களைக் கொண்டனர். சிங்களத்தில் கட்டமிட்ட சாரத்துக்கு வழங்கும் ‘பளயாகட்’ என்னும் பெயரும் அவ்வூரையே நினைவூட்டுகிறது.

ஒல்லாந்தர் காலத்திலிருந்து யாவா முதலிய தீவுகளின் படைவீரரும் நாடுகடத்தப்பட்டோரும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்தம் வழியினர் பலர் இலங்கை ரைபிள் படையில் பணியாற்றினர். அப்படை 1873 இல் கலைக்கப்பட்டது. இம்மலாயருடன் ஏற்பட்ட உறவே இச்சொல் இத்தீவில் வேரூன்றுதற்கு ஏது எனலாம். மெல்லின ஙகரத்தில் முடியும் சொல் தமிழுக்கு இயல்பன்று. ஆதலின் இறுதி ‘உங்’ என்பது ‘அம்’ ஆயிற்று. மலேசியத் தமிழில் ‘கம்போங்’ என்பது ‘கம்பம்’ ஆனமை இதற்கு ஒப்பு. பொருளும் சுருங்கியது. ‘உறை’ என்னும் சொல் தமிழில் முன்னரே இருந்தமையின், ஆடைப்பொருள் ஒன்றே இங்கு வந்து சேர்ந்தது.

இச்சொல் இறப்பருடன் மலாயாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்ததாகுமோ என்னும் ஐயம் எழக்கூடும். மலேசியத் தோட்டத் தமிழர் இறப்பர் மரத்தைக் ‘கித்தா மரம்’ என்பர். அது ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல். கேகாலைத் தோட்டத்தில் அதே மரத்தில் பால் வெட்டுவோரிடம் அச்சொல் இல்லை. இலங்கைக்கு அம்மரத்தின் கன்றுகள் 1876 இல் கியூ பூங்காவிலிருந்து வந்தன. சப்பிரகமுவையில் அது பெருந்தோட்டப் பயிராய்ப் பரவியது 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. ‘சாரம்’ அதற்கு முன்னரே இத்தீவில் வழங்கியமையை மேலே கண்டோம்.

தோட்ட மக்களின் முன்னோருட் பெரும்பாலோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அங்கெல்லாம் ‘கைலி’, ‘லுங்கி’ என்பனவே பெருவழக்கு. திருநெல்வேலி, குமரி மாவட்டங்களில் ‘சாரம்’ உண்டு. அப்பக்கத்தார் சிலர் அதனை உடன்கொண்டு வந்திருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உள்நாட்டு மாவட்டத்தார் வழியினரும் ஒருங்கே ‘சாரம்’ என்பதற்கு இத்தீவில் நிலைத்து வாழ்ந்தமையே தக்க விளக்கமாகும். சடங்குக்குரிய வேட்டி ஊர்ப்பெயருடனேயே நின்றது. அன்றாட உடை இந்நாட்டுப் பெயரை ஏற்றது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனவும் 3,00,000 பேரை இலங்கைக்கு எனவும் பிரித்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு வழி செய்த சட்டம் 2003 இலேயே வந்தது. இவர்கள் அந்நியர் என்று வாதிட்ட காலம் முழுவதும், இவர்களின் இடையாடைக்கு இந்நாட்டுப் பெயரே வழங்கிவந்தது. ஆயினும் சொல்லின் ஒருமை காவலாகவில்லை. ஒரே ஆடையைத் தமிழரும் சிங்களவரும் ஒரே சொல்லால் அழைத்த இரத்தினபுரி மாவட்டத்திலேயே 1981 ஓகத்தில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு இடம்பெயர்ந்தனர்.

ஆவணம் இல்லாதாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பற்பதிவையும் சட்ட ஏட்டையும் மட்டும் நோக்குதல் போதாது. லயத்துக் கொடியில் உலரும் ஆடையின் பெயரையும் கேட்டறிதல் வேண்டும். இம்மாகாணத் தோட்டங்களின் சொற்களைத் தொகுக்கும் பணி, அவற்றை வழங்கும் முதியோர் உள்ளபோதே நிறைவேற வேண்டுமென்பது எமது வேண்டுகோள்.