முன்னிருப்பும் தெரிவும்: ஐரோப்பிய உலாவித் தெரிவுத் திரையின் வரலாறு

மின்னஞ்சலிலோ ஆவணத்திலோ உள்ள ஓர் இணைப்பைப் பயனர் சொடுக்கும்போது, அதை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதை இயங்குதளம் தன்னிடமுள்ள பதிவைக் கொண்டு முடிவுசெய்கிறது. அப்பதிவில் இடம்பெற்ற உலாவியைத் தமிழில் ‘இயல்புநிலை உலாவி’ என வழங்குகின்றனர். ‘முன்னிருப்பு’ என்னும் சொல்லும் வழக்கில் உண்டு. இவ்விரண்டனுள் பின்னதே பொருத்தமானது எனலாம். ‘இயல்பு’ என்பது எவரும் செய்யாமல் தானாக அமைந்ததைக் குறிக்கும். உலாவியைப் பொறுத்தவரை அவ்வாறு தானாக அமைந்தது எதுவும் இல்லை. பயனர் வாய்திறவாதபோது அவருக்காக வேறொருவர் முன்னரே எழுதிவைத்த விடையே அது. அவ்விடையை எழுதும் உரிமை யாருக்குரியது என்னும் சிக்கலை ஐரோப்பிய ஆணையம் 2009 முதல் 2014 வரை எவ்வாறு கையாண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இச்சிக்கலின் தொடக்கம் அமெரிக்காவில் உள்ளது. 1994 டிசம்பரில் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் விரைவில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸுடன் சேர்த்தே வழங்கத் தொடங்கியபின் நிலைமை தலைகீழாயிற்று. 1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 2000 ஜூனில் ஆணையிட்டார்; மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த ஆண்டே அவ்வாணையை நீக்கியது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டையொட்டி, 2002இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சேவைத் தொகுப்பில், முன்னிருப்பு மென்பொருள்களை மாற்றுவதற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதைத் தேடிச்சென்று மாற்றும் பொறுப்பு பயனருடையதாயிற்று. மாற்றலாம் என்பதையே அறியாதவருக்கு அதனால் பயனில்லை.

ஐரோப்பா மேற்கொண்ட வழி இதற்கு நேர்மாறானது. நார்வே நாட்டு ஓபரா நிறுவனம் 2007 டிசம்பரில் அளித்த முறையீட்டின் தொடர்ச்சியாக, மைக்ரோசாஃப்ட் தந்த உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் 2009 டிசம்பர் 16 அன்று சட்டப் பிணைப்புடையதாக்கியது. அதன்படி, இன்டர்நெட் எக்ஸ்புளோரரை முன்னிருப்பாகக் கொண்ட ஐரோப்பிய விண்டோஸ் பயனர்க்கு ஒரு தெரிவுத் திரை தானாகவே தோன்ற வேண்டும். காலம் ஐந்து ஆண்டுகள். 2010 மார்ச் முதல் பரவலாகத் தோன்றிய அத்திரையில் 12 உலாவிகள் இடம்பெற்றன. எக்ஸ்புளோரர், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி, ஓபரா ஆகிய ஐந்தும் முதலில் கண்ணில் படும். மேக்ஸ்தான், கே-மெலியான் முதலிய ஏனைய ஏழும் திரையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மட்டுமே தெரியும். பெயர்கள் பன்னிரண்டு, போட்டியோ ஐந்துக்குள்தான்.

ஐந்தனுள் எது முதலில் நிற்பது என்ற பூசலைத் தவிர்க்க, வரிசை ஒவ்வொரு முறையும் குலுக்கலாக அமையும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. எனினும் அக்குலுக்கல் பிழைபட்டிருந்ததை ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ராப் வீர் 2010 பிப்ரவரியில் சோதித்து விளக்கினார். வரிசைப்படுத்தும் நிரல் இரண்டிரண்டு பெயர்களாக எடுத்து ‘எது முன், எது பின்’ என்று கேட்டுக்கொண்டே செல்லும். விடைகள் தம்முள் முரண்படாதவை என்று நம்பியே அது செயற்படுகிறது: அ என்பது ஆவுக்கும், ஆ என்பது இவுக்கும் முன் எனில், அ என்பது இவுக்கும் முன்னதாகவே இருக்க வேண்டும். திரையை ஆக்கியோர் அக்கேள்விக்கு ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டுவதுபோல் விடை தருமாறு எழுதியிருந்தனர். அதனால் வரிசை கலைந்ததேயன்றிச் சமமாகக் கலையவில்லை. ஐந்தில் ஒரு முறை கடைசி இடத்தில் நிற்க வேண்டிய எக்ஸ்புளோரர், ஏறத்தாழப் பாதி முறை அங்கேயே நின்றது. உரிமையாளரின் உலாவியே பின்னுக்குத் தள்ளப்பட்டதால் இதனைச் சூழ்ச்சி என்பதற்கு இடமில்லை. கவனக்குறைவு என்பதே தகும். மார்ச் மாதத்திலேயே பிழை திருத்தப்பட்டது. சட்டவியலார் ஈராண்டு வாதிட்டுப் பெற்ற சமவாய்ப்பு, நிரலின் ஓரிரு வரிகளில் தவறிப்போனது இங்குக் கருதத்தக்கது.

அடுத்த தவறு இதனினும் பெரிது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை, விண்டோஸ் 7இன் முதல் சேவைத் தொகுப்பைக் கொண்ட கணினிகளில் தெரிவுத் திரை தோன்றவேயில்லை. 14 மாதங்களில் 1.5 கோடிக்கும் மேற்பட்ட பயனர் அதனைக் காணவில்லை என்று ஆணையம் கணக்கிட்டது. உறுதிமொழி நிறைவேறுகிறதா என்பதை நிறுவனமே அறிக்கையாக அளிக்கும் முறை இருந்தமையால் இக்குறை நெடுநாள் வெளிப்படவில்லை. 2013 மார்ச் 6 அன்று 56.1 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. உறுதிமொழியை மீறியதற்காக ஆணையம் தண்டம் விதித்தது அதுவே முதல் முறை.

திரையால் விளைந்த பயனை அளப்பது எளிதன்று. 2010 மார்ச் முதல் நவம்பர் வரை அதன் வழியே 8.4 கோடி உலாவிகள் பதிவிறக்கப்பட்டன என்கிறது ஆணையம். ஆனால் பதிவிறக்கம் வேறு, பயன்பாடு வேறு. திரை வருவதற்கு முன்பே ஃபயர்ஃபாக்ஸால் எக்ஸ்புளோரரின் பங்கு குறையத் தொடங்கியிருந்தது. திரை எட்டாத நாடுகளிலும் அது சரிந்தது. எனவே அச்சரிவைத் திரையின் வெற்றியாக மட்டும் காட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

2014இல் உறுதிமொழியின் காலம் முடிந்தபோது சிக்கல் கைப்பேசிக்கு இடம் மாறியிருந்தது. ஐஃபோனில் 2020 செப்டம்பர் வரை முன்னிருப்பு உலாவியை மாற்றவே இயலாது. ஐஓஎஸ் 14இல் அவ்வசதி வந்தபோதும், கருவியை மறுபடி தொடங்கினால் தெரிவு அழிந்து சஃபாரியே திரும்பியது. சில நாள்களில் வந்த திருத்தம் அதனைச் சரிசெய்தது. ஆண்ட்ராய்டில் குரோமும் தேடல் செயலியும் இணைத்தே முன்னிறுவப்பட்டதற்காக, 2018 ஜூலையில் கூகுளுக்கு ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதனை 412.5 கோடியாகக் குறைத்தது. 2024 மார்ச்சில், மின்னணுச் சந்தைகள் சட்டத்தின்கீழ், தெரிவுத் திரை ஐரோப்பிய ஐஃபோன்களில் மீண்டும் தோன்றியது.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு ₹1,337.76 கோடி தண்டம் விதித்தது. அதன் ஆராய்ச்சியில் முன்னிறுவப்பட்ட குரோமும் அடங்கும். 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்த மாற்றங்களின்படி, புதிய கைப்பேசியை அமைக்கும் இந்தியப் பயனர்க்குத் தேடுபொறியைத் தெரிவுசெய்யும் திரை காட்டப்படும். உலாவிக்கு அத்தகைய திரை அவ்வறிவிப்பில் இடம்பெறவில்லை.