ஸ்கேன் நார்மல்

1983 வாக்கில் எங்கள் பெரியப்பா தக்காளித் தோட்டத்தில் இருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், வாய் கோணி அப்படியே சாய்ந்தார். 'வாதம் அடிச்சிடுச்சு' என்று புறா அறுத்து ரத்தம் தேய்த்தார்கள். மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்ற கேள்வியே மாரண்டஹள்ளியில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.

வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வைத்தியமோ நேர் எதிர். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

வேலூரில் 1949-ல் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-ல் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில், போர்ச்சுக்கல்காரர் எகாஸ் மோனிஸ் 1927-ல் கண்டுபிடித்த ஆஞ்சியோகிராம்தான் பெரிய துணை. அதில் ரத்தக்குழாய் தெரியும், மூளை தெரியாது.

மூளையே படமாகத் தெரிந்தது 1971 அக்டோபர் 1-ல், லண்டனில். சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் அல்ல, இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர். நாம் கேட்ட நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளும் அந்தக் கம்பெனியுடையவைதான்! 1979-ல் அவருக்கும் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி.யில் ரத்தக் கசிவு உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரம் பெரும்பாலும் தெரியாது. 1990-ல் மோஸ்லி என்பவர் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வில், எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அடைப்பைக் காட்டியது. புள்ளி விழுந்த இடமும் பேசும். ஆழத்தில் ஒரே சிறு புள்ளி என்றால் பெரும்பாலும் பிரஷரும் சர்க்கரையும் கெடுத்த மெல்லிய குழாய். இரு பக்கமும் சிதறிக் கிடந்தால் இதயத்தில் இருந்து வந்த கட்டியாக இருக்கலாம்.

கரைக்கும் ஊசிக்கு 1995-ல் வைத்த கெடு மூன்று மணி நேரம். 2008-ல் நாலரை ஆனது. தர்மபுரியில் மருத்துவக் கல்லூரி வந்ததும் அதே 2008-ல்தான்.

போன வருஷம் என் மச்சினருக்கு விடிகாலை ஐந்து மணிக்குக் கை மரத்தது. 'வாயுவா இருக்கும்' என்று காபி கொடுத்துப் படுக்க வைத்தவன் நான்தான். பாலக்கோடு தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. ஊசிக்கு நேரம் போய்விட்டது. சி.டி. நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தோம். டாக்டரம்மா விடவில்லை. மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் இரு பக்கமும் புள்ளிகள், ஈ.சி.ஜி.யில் தாறுமாறான துடிப்பு. இப்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. நடக்கிறார், சந்தைக்கும் போகிறார். வலது கையில் பேனா மட்டும் நிற்பதில்லை.