தேயிலைத் தோட்டத்துப் பாட்டும் பாவலரும்

நாட்டுப் பாடல் என்பது இயற்றியவர் பெயர் அறியப்படாதது, ஊரார் அனைவருக்கும் பொதுவானது என்று இலக்கணம் கூறுவர். வகுப்பறையிலும் இதையே சொல்லிக் கொடுக்கிறோம். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு ஆகியவற்றுக்கு இவ்விலக்கணம் பெரும்பாலும் பொருந்துவதே. ஆயினும் கடல் கடந்து சென்ற தமிழரின் தோட்டத்துப் பாடல்களை இதே அளவுகோலால் அளந்தால் ஒரு பகுதி விடுபட்டுப் போகும். அங்கே, தாமே பாட்டுக் கட்டி, தாமே பாடி, தம் பெயரையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட பாவலர் இருந்தனர். அவர்களைப் பற்றிச் சிறிது காண்போம்.

மலையும் மக்களும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்த அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் பெயரால் வழங்குகிறது. பேராக்கின் தாப்பாவிலிருந்து மலைமேல் செல்லும் சாலை 1920களின் பிற்பகுதியில் வெட்டத் தொடங்கி, 1931ஆம் ஆண்டளவில் முடிந்தது. அதற்குமுன்பே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். அவருடன் கூடி நின்ற ஏ. பி. மில்ன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பழகிய துரை. ஆகவே கேமரன் மலைத் தேயிலைக்கு இலங்கை மலைநாடு ஒரு வகையில் தாய்வீடு எனலாம்.

தேயிலை பயிரிடும் முறை மட்டுமன்று, அதைச் சூழ்ந்த வாழ்க்கை முறையும் இரு நாடுகளிலும் ஒத்திருந்தது. கங்காணி, விடியற்காலைப் பிரட்டு, வரிசையாக அமைந்த லயன் வீடுகள், கொழுந்துக் கூடை, நிறுவை, கணக்கு என்பன இரண்டு மலைகளிலும் உண்டு. வேலைக்கு வந்த மக்களும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களே. இக்காரணத்தால், கேமரன் மலைப் பாட்டை ஆராய விரும்புவோர் முதலில் இலங்கை மலைநாட்டுப் பாட்டை அறிதல் நலம். அங்கேதான் சான்றுகள் மிகுதியாகக் கிடைக்கின்றன.

பெயரில்லாத பாட்டு

தோட்டத்துப் பாடல்களை இரு கூறாகப் பிரிக்கலாம். முதலாவது, தொழிலோடும் வீட்டோடும் பிறந்தது. கொழுந்து கிள்ளும் விரலின் வேகமும் மலைச்சரிவில் ஏறும் காலின் நடையும் இப்பாட்டுக்குத் தாளம் தந்தன. கடல் கடந்த துன்பம், ஊரில் விட்டு வந்த உறவு, கங்காணியின் கடுஞ்சொல், குறைந்த நிறுவை ஆகியவை இதன் பொருள். மூத்தவள் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர் தொடர்ந்து பாடுவர். நாளடைவில் அடிகள் கூடும், குறையும், மாறும்.

இவற்றை இயற்றியோர் பெயர் ஏன் நிலைக்கவில்லை? காலப்போக்கில் மறந்து போயிற்று என்பது ஒரு விடை. ஆனால் இன்னொரு காரணமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடும் பாட்டுக்கு ‘இது என் பாட்டு’ என்று உரிமை கொண்டாடினால் மறுநாள் வேலை போய்விடும். குடியிருக்கும் வீடும் போய்விடும். ஏனெனில் வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. ஆகவே பெயரின்மை என்பது சில வேளைகளில் மறதியின் விளைவன்று; பாடுவோரைக் காத்த கவசம். எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டில் எவரைத் தண்டிப்பது?

பெயருடைய பாட்டு

இரண்டாவது கூறு இதற்கு நேர்மாறானது. தஞ்சையிலிருந்து இலங்கை சென்று தொழிலாளர்க்காக உழைத்த கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை பாட்டுக் கட்டும் ஆற்றல் உடையவர். தொழிலாளர் கூட்டங்களில் சொற்பொழிவுக்கு முன் அம்மையார் தம் பாட்டைப் பாடுவார். எழுத்தறியாதவரும் பாட்டின் வழியே செய்தியை அறிந்து கொண்டனர். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவருடைய பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. முந்திய ஆண்டில்தான் அரசாங்க வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கும் முயற்சி இலங்கையில் நடந்தது. இலங்கை இந்தியக் காங்கிரசும் அவ்வாண்டில்தான் தோன்றியது. அக்காலக் கொந்தளிப்பின் நடுவே, பெண் ஒருவர் மேடையேறித் தம் பெயரால் பாடினார் என்பது சிறிய செய்தியன்று.

அம்மையார் தனித்து நிற்பவரும் அல்லர். தாம் கட்டிய பாட்டைச் சிறு நூலாக அச்சிட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் சென்று பாடி விற்ற பாவலர் பலர் மலைநாட்டில் இருந்தனர். இவ்வழக்கம் தமிழ்நாட்டில் குஜிலிக் கடைப் புத்தகம் என வழங்கியதன் கிளையேயாகும். ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்வகை நூல்களை ‘முச்சந்தி இலக்கியம்’ எனப் பெயரிட்டு ஆராய்ந்துள்ளார். மலாயாக் கரையிலும் இம்மரபு பழமையானது. சிங்கப்பூரில் 1893ஆம் ஆண்டிலேயே ந. வ. இரங்கசாமி தாசன் இயற்றிய ‘குதிரைப் பந்தய லாவணி’ அச்சேறியது. அந்தாதிக்கும் பதிகத்துக்கும் அருகிலேயே, கேட்போர் கூடி நின்று மகிழும் லாவணியும் அச்சு வாகனம் ஏறிற்று.

இச்சிறு நூல்களில் பாட்டின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று குறிப்பது வழக்கம். மக்கள் அறிந்த மெட்டில் புதுப் பொருளை ஏற்றுவதே இப்பாவலர் கைக்கொண்ட முறை. மெட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு முறை கேட்டவர் மறு முறை தாமே பாடுவர்.

தொகுத்தோரும் விடுபட்டனவும்

பெயரில்லாத பாடல்களைக் காத்தவர்களுள் முதன்மையாக நினைக்கத் தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடகும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் மறைந்தபின் 1987இல் நூலாயிற்று. மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இரா. தண்டாயுதமும், ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ எழுதிய முத்தம்மாள் பழனிசாமியும் இத்துறையில் உழைத்தவர்கள்.

இத்தொகுப்புகள் இல்லையேல் சொல்லும் போயிருக்கும். எனினும் ஏட்டில் ஏறியது பெரும்பாலும் சொல் மட்டுமே. மெட்டும் பாடும் சூழலும் ஏட்டில் ஏறா. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலைநாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் தமிழகம் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். ஒரு தோட்டத்தில் சேர்ந்து பாடிய குரல்கள் இரு நாடுகளில் சிதறின. கேமரன் மலையிலோ தமிழரின் இளந்தலைமுறை நகர்ப்புறம் நாடிற்று. இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினர் உழைக்கின்றனர். கை கிள்ளிய இடத்தைக் கத்தரியும் இயந்திரமும் பெரிதும் பிடித்துக்கொண்டன. இயந்திரத்தின் இரைச்சலில் தொழிற்பாட்டு எழ வழியில்லை.

இன்றைய கடமை

ஆனால் தாமே எழுதித் தாமே பாடும் மரபு அறுந்து போகவில்லை. கிதாரை மீட்டித் தம் பாட்டைப் பாடும் இளைஞரை இன்று எங்கும் காண்கிறோம். மலேசியத் தமிழ் இளைஞர்கள் யோகி பி.யும் நட்சத்திராவும் 2006இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டுக் கடல் கடந்தும் பெயர் பெற்றனர். இதனை மேல்நாட்டு வழக்கின் நகல் என்று ஒதுக்குவோர் உளர். இசைக் கருவியும் தாளமும் வெளியிலிருந்து வந்தவை என்பது உண்மையே. ஆனால் தன் வாழ்வைத் தன் சொல்லால் கட்டி, நாலு பேர் நடுவே நின்று பாடும் துணிவு, மீனாட்சி அம்மையார் காலத்திலேயே நம்மிடம் இருந்தது.

கேமரன் மலையில் தோட்டத்தின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கும் பிற ஊர்களிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் மாணவரை வீட்டிலுள்ள முதியோரிடம் அனுப்பலாம். பாட்டின் அடிகளை மட்டும் எழுதிவரச் சொல்லாமல் மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்ல வேண்டும்: இதைக் கட்டியவர் யார்? மெட்டு எது? எப்போது, யார் முன் பாடினீர்கள்? கையிலுள்ள தொலைபேசியே குரலைப் பதிவு செய்யப் போதுமானது. முதல் கேள்விக்குப் பத்தில் ஒரு பாட்டுக்கு விடை கிடைத்தாலும், ஒரு பாவலரின் பெயர் இலக்கிய வரலாற்றில் சேரும். அன்று அஞ்சி மறைத்த பெயரை இன்று சொல்ல அச்சமில்லை. சொல்லக் கூடியவர்தாம் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.