நரம்பு என்றால் கம்பியா, சுரமா?

போன மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி உருட்டும் ஆலையில் ஷிஃப்ட் வேலை. ஸ்டீல் கிட்டார் கத்துக்கணும்னு ஆசை. அதாவது கிட்டாரை மடியில் படுக்க வைத்து, விரலால் அழுத்தாமல், ஒரு உருக்குத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கிற முறை. ஏதோ ஒரு பழைய பாடப் புத்தகத்தில் இருந்த சுருதியை அப்படியே வைத்திருக்கிறார். ராத்திரி ‘டப்’புனு ஒரு சத்தம். காலையில் பார்த்தால் கிட்டாரின் பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கிறது.

"கம்பி மட்டமா, இல்ல கிட்டாரே மட்டமா அண்ணா?" என்று கேட்டார். ரெண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்குப் பதில் சொல்லப் போய்க் கொஞ்சம் பழைய விஷயங்களைப் புரட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். சாதாரண கிட்டாரில் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி. தம்பி வைத்தது ஏ, சி ஷார்ப், ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. ஏ-யை சட்ஜமாக வைத்தால் ச க ப ச க ப. கேட்க இனிமையான சேர்க்கைதான். ஆனால் ஆறாவது கம்பி ஐந்து அரைச்சுரம் மேலே போகிறது. சுருதி ஏறும் விகிதத்தின் வர்க்கமாக இழுவிசை ஏறும் என்பது இயற்பியல் கணக்கு. அதன்படி அந்த ஒரு கம்பியில் மட்டும் இழுவிசை 78 சதவீதம் கூடும். ஐந்தாவதில் 59 சதவீதம். சாதாரணமாக ஒரு 12-53 செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து பிரிட்ஜை இழுப்பது 70 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இந்தச் சுருதியில் அது 100 கிலோ பக்கம் போய்விடுகிறது. பசை எத்தனை நாள் தாங்கும்?

புத்தகத்தில் தப்பு இல்லை. அது வேற கம்பிக்கு எழுதின புத்தகம். அந்தச் சுருதிக்கு ஆறாவது இடத்தில் சாதாரண செட்டின் ஐந்தாவது கம்பியையும், ஐந்தாவது இடத்தில் நான்காவது கம்பியையும் போட வேண்டும். சுருதியை ஒரு இடத்திலும் கம்பியை இன்னொரு இடத்திலும் எடுத்ததுதான் பிழை.

இந்தச் சுருதி எங்கிருந்து வந்தது? ஹவாய்த் தீவுகளிலிருந்து. 1830-களில் அன்றைய மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிஃபோர்னியாப் பக்கத்திலிருந்து மாடு மேய்ப்பவர்களை ஹவாய் மன்னர் வரவழைத்தார். அவர்களோடு கிட்டார் போனது. தீவுக்காரர்கள் அதன் கம்பிகளைத் தளர்த்தி, ஒன்றும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு கேட்கும்படி செய்துகொண்டார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயருக்கே ‘தளர்த்திய சுருதி’ என்றுதான் பொருள். 1880-களின் கடைசி வாக்கில் ஜோசப் கெக்குகு என்ற இளைஞர் உருக்குத் துண்டைக் கம்பிமேல் வழுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். கப்பலில் வந்து சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இந்தியப் பையன்தான் முதலில் செய்தான் என்று ஒரு கதையும் உண்டு. நமக்குப் பெருமையாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கதையை வரலாறாக்க வேண்டாம்.

ஒரு நேரான துண்டை ஆறு கம்பிமேல் வைத்தால் ஆறும் ஒரே அளவில்தான் ஏறும், இறங்கும். விரல் மாதிரி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழுத்த முடியாது. கம்பிகளுக்கு இடையே என்ன உறவு வேண்டும் என்பதை வாசிக்க உட்காருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஸ்டீல் கிட்டாரின் வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே போகிறது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1930-களில் ஜாஸ் கலந்த பாட்டு வந்ததும் பழைய சுருதி போதவில்லை; சால் ஹூப்பி போன்றவர்கள் புதுச் சுருதிகள் கண்டார்கள். கடைசியில் வாசிக்கும்போதே காலால் மிதித்துச் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் வந்தது. இசை மாறும்போதெல்லாம் சுருதி மாறியது, சுருதி மாறும்போதெல்லாம் கம்பி மாறியது.

இந்தியாவிலும் இதே கதைதான். ஊர் ஊராகக் கச்சேரி செய்த டாவ் மோ என்ற கலைஞர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்தார். வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் வீட்டு வாத்தியம் மாதிரி ஆனது. சுனில் கங்கூலி சினிமா மெட்டுகளை அதில் வாசித்துத் தள்ளினார். அதற்கு கார்டு சுருதி போதும். ஆனால் ஜோத்பூர்க்காரரான பிரிஜ் பூஷன் காப்ரா, சரோட் மேதை அலி அக்பர் கானிடம் கற்று ராகம் வாசிக்க வந்தபோது அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. கம்பிகளை உயர்த்தி, சுருதிக் கம்பி சேர்த்து வாத்தியத்தையே மாற்றினார். அவர் வழியில் வந்த விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையில் 20 கம்பிகள். அதில் மெட்டு வாசிக்க மூன்றே மூன்றுதான். மீதி சுருதிக்கும் அனுநாதத்துக்கும். ரை கூடருடன் அவர் சேர்ந்து வாசித்த இசைத்தட்டுக்கு 1994-இல் கிராமி விருது கிடைத்தது.

நம்ம ஊருக்கு வந்தால், இந்த வேலையை நாம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறோம். கோட்டுவாத்தியம், இப்போது சித்திரவீணை என்கிறார்கள். மெட்டு (வீணையில் இருக்குமே, அந்த மெட்டு) கிடையாது. தண்டிமேல் ஒரு கட்டையை வழுக்கி வாசிப்பது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடமும் பாடம் கேட்டவர். பாட்டுக்காரர் ஒருவர் அந்த வாத்தியக்காரரிடம் போய்க் கற்கக் காரணம் அதில் இருந்த கமகம்தான் என்று நினைக்கிறேன். நாராயண ஐயங்கார் அதில் அனுநாதக் கம்பிகளைச் சேர்த்தார். இதன் வாசிப்புக் கம்பிகளில் ஆதாரம் சட்ஜமும் பஞ்சமமும்தான். காந்தாரத்துக்கு இடமில்லை. ஏன்? திறந்த கம்பியில் அந்தர காந்தாரம் நின்றால் கல்யாணிக்குச் சரி, தோடிக்கு? அனுநாதமாகக் கூடவே முனகிக்கொண்டு ராகத்தைக் கெடுக்கும். ச, ப ரெண்டும்தான் அசையாத சுரங்கள்.

இது இன்னும் பழைய சங்கதி. பழந்தமிழில் பஞ்சமத்துக்கு ‘இளி’ என்று பெயர். இளி முறையாகப் போய் யாழுக்குச் சுருதி கூட்டுவதைச் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் சொல்கின்றன. விபுலாநந்தரின் யாழ் நூல் (1947) இதை விரிவாகப் பேசுகிறது. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகத்திலும் சுரங்களின் தமிழ்ப் பெயர்கள் இளி உட்பட வருகின்றன, வீணையும் வருகிறது. தம்பியோட ஊர்ப்பக்கம்தான்!

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சொல். யாழ் மரபில் ‘நரம்பு’ என்றால் கம்பி. நரம்பு என்றால் சுரமும்தான். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதால் ரெண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. கம்பியைத் தேர்வதும் சுருதியைத் தேர்வதும் அவர்களுக்கு ஒரே வேலை. தம்பி தவறவிட்டது இதைத்தான்.

அதனால் அவருக்கு நான் சொன்னது இது. முதலில் என்ன வாசிக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. சினிமாப் பாட்டு, கார்டு வேணும்னா டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. அதாவது 2 கட்டையில் ச ப ச க ப ச. சாதாரணச் சுருதியிலிருந்து எந்தக் கம்பியும் மேலே ஏறாது. நான்கு இறங்கும், ரெண்டு அப்படியே இருக்கும். இறங்கினால் கம்பி தொளதொளன்னு ஆகுமே என்றால், 13-56 செட் போடுங்க. மொத்த இழுவிசை பழைய 12-53 அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ராகம் வேணும்னா மூன்றாவது கம்பியைக் கழற்றிவிட்டு, ரெண்டாவது கம்பியின் பருமனிலேயே இன்னொன்று தனியாக வாங்கிப் போட்டு அதையும் ஏ-யில் வையுங்க. ச ப ச ப ப ச. காந்தாரம் போயிடுச்சு, தோடிக்கும் கதவு திறந்தாச்சு. தம்பூரா ஆப் போட்டு, அலை அடங்கும்வரை பஞ்சமத்தைச் சேருங்க.

வழுக்கும் துண்டு கடையில் விலை அதிகமா இருக்கு என்றார். முக்கால் அங்குலக் கனத்தில் ஸ்டெயின்லெஸ் ராடு, மூணு அங்குல நீளம், லேத்தில் கடைந்து கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டால் போதும். சிப்காட்டில் லேத்துக்கா பஞ்சம்?

பிரிட்ஜை ஒட்டிக் காயவைத்து, போன ஞாயிற்றுக்கிழமை புதுச் செட் மாட்டியிருக்கிறார். போனில் வாசித்துக் காட்டினார். இன்னும் சட்ஜத்திலேயே கை நடுங்குகிறது. பிரிட்ஜ் அசையவில்லை.