ரிபிள்ஹெட் இரயில் பாலம்

ரிபிள்ஹெட் பாலம் இங்கிலாந்தின் வட யார்க்ஷயரில், வெர்ன்சைடு மலையடியில் உள்ள கல் இரயில் பாலம். செட்டில்–கார்லைல் பாதைக்காக மிட்லண்ட் இரயில்வே இதைக் கட்டியது. பொறியாளர் ஜான் சிட்னி கிராஸ்லி. 1870இல் தொடங்கிய வேலை 1874இல் முடிந்தது. பயணிகள் இரயில் 1876 முதல் ஓடுகிறது. பாலத்தின் நீளம் 402 மீட்டர், உயரம் 32 மீட்டர், வளைவுகள் 24.

இதன் அடியில் பெரிய ஆறு எதுவும் இல்லை. பேட்டி மாஸ் என்னும் ஈரம் ஊறிய மேய்ச்சல் நிலத்தைத்தான் பாலம் கடக்கிறது. மேல்மண் பாரம் தாங்காது என்பதால், சுமார் 7.6 மீட்டர் ஆழம் தோண்டிப் பாறையின்மேல் தூண்களை எழுப்பினார்கள். தூண்கள் சுண்ணாம்புக்கல், மேலே போகப் போகச் சிறுத்துச் செல்பவை. வளைவுகள் மட்டும் செங்கல். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு எளிதில் தெரியாது.

பாலத்தின் நுட்பம் ஆறாவது, பன்னிரண்டாவது, பதினெட்டாவது தூண்களில் இருக்கிறது. வரிசையாக நிற்கும் வளைவுகள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு நிற்பவை. ஒன்று சரிந்தால் அடுத்த தூணுக்கு மறுபக்கத்து உதைப்பு இல்லாமல் போகும், அதுவும் சாயும், சரிவு கோடிவரை தொடரும். இதைத் தடுக்கவே இந்த மூன்று தூண்களும் மற்றவற்றைவிடப் பருமனாகக் கட்டப்பட்டன. எங்கே சரிந்தாலும் சேதம் ஆறு வளைவுகளோடு நின்றுவிடும். அழகுக்காகச் செய்ததுபோல் தோன்றும் இந்தப் பருமன் வேறுபாடு உண்மையில் முன்னெச்சரிக்கைதான். அதைச் சோதித்துப் பார்க்கும் நிலை இதுவரை வரவில்லை.

தொழிலாளர்கள் குடும்பத்தோடு பாலத்தடியிலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். அந்தக் குடியிருப்புகளில் இரண்டுக்குச் செவஸ்டபோல், இன்கர்மன் என்று கிரிமியப் போர்க்களங்களின் பெயர்கள். விபத்தாலும் பெரியம்மையாலும் பலர் மாண்டனர்.

கல்லுக்கும் செங்கல்லுக்கும் எதிரி மழைநீர். மேல்தளத்தின் வழியாகக் கசிந்த நீர் குளிரில் உறைந்து கட்டுமானத்தைப் பிளந்தது. பழுதுபார்க்கும் செலவைக் காரணம் காட்டி 1980களில் பாதையையே மூட முனைந்தது அரசு நிறுவனமான பிரிட்டிஷ் இரயில். மக்கள் எதிர்ப்பு வலுத்ததால் 1989இல் அரசு அந்த முடிவைக் கைவிட்டது. பின்னர் மேல்தளத்தில் நீர் புகாத படலம் விரிக்கப்பட்டது. பாரத்தைக் குறைக்க 1985இல் இரட்டைப் பாதையை ஒற்றைப் பாதையாக்கியிருந்தார்கள். இருவழிக்கென்று கட்டிய அகலத்தில் இன்றும் ஒரு பாதைதான் இருக்கிறது.