பம்பாயில் இசைத்தட்டுத் தேடிய தமிழர்

தமிழன் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் முதலில் விசாரிப்பது புழுங்கலரிசியும் காப்பிப்பொடியும் கிடைக்கும் கடையை, அடுத்தபடியாகக் கோயிலை. இவ்விரண்டும் அகப்பட்ட பின்னர் அவன் தேடியது ஒன்றுண்டு: கிராமபோன் தட்டு விற்கும் நல்ல கடை. வானொலி தனக்குரிய நேரத்தில் பாடும். வித்துவான், சபை அழைத்த நாளில் வந்து பாடுவார். நாம் வேண்டிய வேளையில் பாடுவது தட்டு ஒன்றே. வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் குழந்தைகளின் காதில் தோடியும் காம்போதியும் விழவேண்டுமானால் பெரும்பாலும் தட்டையே நம்பியிருக்க வேண்டிய காலம் அது. 1995 முதல் மும்பை என வழங்கும் பம்பாய் மாநகரில் அந்தத் தேடல் எவ்வாறு நடந்தது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் தட்டு வந்த கதை. கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் அமெரிக்கர் 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து, நவம்பர் மாதத்தில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் தம் பெயரை அந்த அம்மையார் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அக்காலத் தட்டுகளில் இன்றும் கேட்கும். கர்வமன்று அது. மூலப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்குச் சென்று, அங்கேதான் தட்டுகளாக அச்சாயின. பாடியவர் இன்னார் என்று அங்குள்ள தொழிலாளிக்குத் தெரிய வேண்டாமா? தட்டு செய்வதற்கு இன்றியமையாத அரக்கோ நம் சோட்டா நாகபுரிப் பிரதேசத்தில் விளைவது. அரக்கும் பாட்டும் இங்கிருந்தே போய், தட்டாகி இங்கேயே திரும்பி விலையாயின. 1908-இல் கல்கத்தாவின் சியால்தா பகுதியில் கம்பெனி ஆலை அமைத்தபோது இந்தக் கடல் யாத்திரை முடிவுற்றது. பின்னர் ஆலை டம்டம்முக்குப் பெயர்ந்தது. அதன் பிறகும் சென்னையில் பாடிய பாட்டு கல்கத்தா போய் அச்சாகித்தான் சென்னைக் கடைக்கு மீண்டது.

அவ்வாறாயின், கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு கர்நாடக இசைத்தட்டு வந்து சேர்வதில் என்ன தடை? தடை ஆலையில் இல்லை, பட்டியலில் இருந்தது. கம்பெனிகள் தங்கள் தட்டுகளை மொழிவாரியாகப் பிரித்துப் பட்டியல் வெளியிட்டன. கடைக்காரர் தம் வட்டாரத்தில் விலைபோகும் மொழியின் பட்டியலைப் பார்த்தே சரக்கு வரவழைப்பார். பம்பாயில் மராத்தி நாடகப் பாட்டுக்கும், குஜராத்திக்கும், இந்துஸ்தானி சங்கீதத்துக்கும், சினிமாவுக்கும் கிராக்கி இருந்தது. அரக்குத் தட்டோ கை தவறினால் சுக்குநூறாகும் பண்டம். எப்போதோ வந்து கேட்கும் ஒரு மதராஸிக்காக அதை வாங்கி அடுக்கி முதலை முடக்கிக்கொள்ள எந்த வியாபாரிக்கு மனம் வரும்? அவரைக் குறைகூறுவதற்கில்லை.

பட்டியலால் நேர்ந்த வேடிக்கை இன்னொன்று. தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில் பாடியவர் பெயரோடு பாட்டின் மொழியையும் ராக தாளங்களையும் அச்சிடுவது வழக்கம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் தமிழர். அவர் பாடிய தியாகராஜ கீர்த்தனையோ தெலுங்கு. மொழி பார்த்து அடுக்கும் கடையில், “தமிழ்ப் பாட்டு” என்று கேட்டவருக்கு நாடகப் பாட்டும் சினிமாப் பாட்டும் வந்து விழும். அவர் மனத்தில் நினைத்துச் சென்ற கச்சேரி உருப்படிகள் பக்கத்துத் தெலுங்கு வரிசையில் உறங்கிக்கொண்டிருக்கும். தீட்சிதர் கிருதியாயின் ஸம்ஸ்கிருதத்தில் தேடவேண்டும். மொழிபெயர்ப்பே ஜீவனோபாயமாகக் கொண்ட எனக்கு, ஒரு பாட்டு எந்த மொழிக்காரருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு விடை சொல்வது இன்றுவரை எளிதாக இல்லை. கடைச் சிப்பந்தியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் ஓர் உதாரணம் சொல்லலாம். கிரானா பரம்பரையின் மகாவித்துவானாகிய அப்துல் கரீம் கான், மைசூர் சமஸ்தானத்துக்கும் தென்னாட்டு நகரங்களுக்கும் பலமுறை வந்து, நம் சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். 1930-களில் ஓடியன் கம்பெனிக்காக அவர் பாடிய தட்டுகளுள், தியாகராஜ சுவாமிகள் கரஹரப்ரியா ராகத்தில் இயற்றிய கீர்த்தனையொன்றும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சமே இடமுள்ள பத்து அங்குலத் தட்டு அது. அந்தக் குறுகிய எல்லைக்குள் ராகத்தின் முகம் முழுதும் தெரிகிறது. தட்டுக்காகச் சங்கீதத்தை நறுக்கிவிட்டார்கள் என்று வருந்துவோர் இதனை ஒருமுறை கேட்கவேண்டும். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பயணமானபோது, சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் அப்பெரியார் உயிர் நீத்தார். திருவையாற்று மகானின் கீர்த்தனை பம்பாய்க் கடையில் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு வரிசையில் இருக்குமென்று எந்தத் தமிழர் தேடியிருப்பார்? நல்ல கடை என்பது இத்தகைய செய்தியை அறிந்து, கேளாமலே எடுத்துக் கொடுக்கும் ஆள் இருந்த கடை.

அத்தகைய பெயர் பெற்றது காலா கோடாவில் ஜஹாங்கீர் ஓவியக் கூடத்தின் அருகே 1940-களில் எழுந்த ரிதம் ஹவுஸ். தட்டைப் போட்டுக் கேட்டபின் வாங்கலாம் என்பதற்காகச் சிற்றறைகள் அமைத்திருந்த கடை அது. காசு கையில் இல்லாத மாணவருக்கும் அது ஒரு சங்கீதப் பாடசாலையாகவே பயன்பட்டது. தமிழர் மிகுந்த மாதுங்காவிலோ வேறு வழி பிறந்தது. 1951-இல் அங்கே தோன்றிய கிரி டிரேடிங், பக்தி நூல்களோடும் பூஜைப் பொருள்களோடும் வளர்ந்து, பிற்காலத்தில் சங்கீதத்துக்கும் விற்பனைத் தலமாயிற்று. 1952-இல் சண்முகானந்த சபை உருவாகி, 1963-இல் அதன் பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. அதே 1963-இல் எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் நீண்ட நேரத் தட்டாக வெளிவந்தது. தெற்கத்திச் சங்கீதம் கேட்டு வந்தவருக்கு, மொழி ஆராய்ச்சி இன்றி எந்தக் கடைக்காரரும் எடுத்து நீட்டக்கூடிய தட்டாக அது அமைந்தது.

பிறகு ஒலிநாடா வந்தது. விடுமுறைக்குச் சென்னை சென்று திரும்புவோரின் பெட்டியில் அப்பள வடாத்தோடு பத்துப் பதினைந்து கச்சேரிகள் உடையாமல் வந்தன. குறுந்தட்டு வந்தது, கணிப்பொறி வழியே காசின்றிப் பாட்டு இறங்கும் காலமும் வந்தது. 2016 பிப்ரவரி இறுதியில் ரிதம் ஹவுஸ் தன் கதவை மூடியது. இன்று கைப்பேசியில் அரியக்குடியை ஒரு நொடியில் அழைத்துவிடலாம், மெய்தான். ஆனால் பெயர் தெரிந்ததையே அதில் அழைக்க முடியும். கரஹரப்ரியாவைக் கேட்டு வந்தவரிடம் அப்துல் கரீம் கானையும் எடுத்து நீட்டிய சிப்பந்திக்கு ஈடாக ஒன்றை நான் இதுவரை காணவில்லை. மேலும் பழைய 78 சுற்றுத் தட்டுகளுள் மறுபடி வெளியிடப்படாதவை பல. அவை தனியார் வீட்டுப் பரணிலும் பழம்பொருள் கடையிலுமே கிடக்கின்றன. வீடு மாறும்போது எடைக்குப் போடும் சாமானோடு அவை போய்விட்டால் அந்தக் குரலும் அதோடு போயிற்று. பம்பாயில் 1990-இல் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தார் இதனை உணர்ந்து, தட்டுகளைத் தேடி விவரம் திரட்டி வருகின்றனர்.

தேடும் விருப்பம் உடையோர் சோர் பஜாரில் மட்டன் தெருவுக்குச் செல்லலாம். ஆங்கிலத்தில் அச்சிட்ட பெயர்களைக் கொண்டே அங்குத் தேடவேண்டும். ஒரே வித்துவானின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மொழி எதுவென்று கேளாமல், ராகத்தின் பெயரைப் பார்த்துப் புரட்டுவதே நலம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிகள் கறுத்துப் பளபளத்தால் வாங்கலாம். சாம்பல் பூத்திருந்தால் பழைய எஃகு ஊசி அதைத் தின்றுவிட்டது என்று கொள்க. நீண்ட நேரத் தட்டுக்குரிய நுண்ணிய ஊசி இதற்குப் பொருந்தாது. அகன்ற ஊசி வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தூசி போக ஸ்பிரிட்டு கொண்டு துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரையும். மெல்லிய துணியைச் சிறிது நீரில் நனைத்து, வரியின் போக்கிலேயே ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.